சந்திரவட்டக்கல்லில் ஓடும் கொடி: ஆசையின் உருவமா, உயிரின் உருவமா?

பாலியாறு (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அனுராதபுரம் சென்றிருந்தேன். அங்கே அபயகிரி என்ற பழைய பௌத்த விகாரை வளாகத்தில் ‘மகாசேனன் மாளிகை’ என்று மக்கள் வழங்கும் கட்டடத்தின் படிவாயிலில், படிகளின் அடியில் இடப்படும் அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல் ஒன்று இருக்கிறது. அது மாளிகையே அன்று, விகாரையைச் சேர்ந்த கட்டடம் என்பது வேறு கதை. இருபது ஆண்டுகளாகச் சொல்லி வரும் விளக்கத்தையே அன்றும் அந்தக் கல்லின் முன்னே நின்று சொன்னேன். வெளி விளிம்பில் இருப்பது தீச்சுடர் வரிசை, அது துன்பத்தின் வெம்மை. அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியவை பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு. அதற்குள் சுருண்டு செல்லும் இலைக்கொடி ஆசை, அன்னவரிசை நன்மை தீமையைப் பிரித்தறியும் அறிவு, நடுவிலுள்ள பாதித் தாமரை நிப்பானம், அதாவது பிறவியிலிருந்து விடுதலை. இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அன்னத்துக்கு உள்ளேயும் மெல்லியதாக இன்னொரு கொடி இருக்கிறதே. அறிவு வந்து ஆசையைக் கடந்தவருக்கு மறுபடியும் ஆசை வருமா?”

என்னிடம் விடை இல்லை. இத்தனை ஆண்டுகளாக அந்த இரண்டாம் கொடியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே தவிர, கருத்தில் கொண்டதே இல்லை. கொடி என்றால் ஆசை என்று முதலில் சொன்னவர் யார், எதைக்கொண்டு சொன்னார் என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். பிறவிச் சுழற்சியைத்தான் இந்தக் கல் காட்டுகிறதா, அல்லது நாம் அதன்மேல் ஏற்றிப் பார்க்கிறோமா?

தண்டலை:

வணக்கம் ஐயா. தாங்கள் வகுப்பில் சொன்ன விளக்கம் பெரும்பாலும் செனரத் பரணவிதான அவர்களுடையது. 1940 முதல் 1956 வரை இலங்கைத் தொல்லியல் ஆணையாளராக இருந்த அவர், சந்திரவட்டக்கல்லை வெறும் அலங்காரப் படியாகக் கொள்ளாமல், சம்சாரம் என்னும் பிறவிச் சுழற்சியின் ஓரத்திலிருந்து அதன் நடுவிலுள்ள விடுதலை வரை செல்லும் பாதையாக வாசித்தார். அதன் பிறகு வந்த பாடநூல்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் அதை எளிமையாக்கி வாய்பாடுபோல் ஆக்கிவிட்டன. அந்த வாசிப்புக்கு ஆதாரமே இல்லை என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது என்பதால், அதன் பக்கம் நின்று சில சொற்கள் எழுதுகிறேன்.

ஆசையைக் கொடியாகச் சொல்வது பௌத்தத்தில் மிகப் பழைய வழக்கு. புத்தரின் அறமொழிகளைத் தொகுத்த நூலான தம்மபதத்தில் ஆசைக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் தொடக்கத்திலேயே, விழிப்பின்றி வாழ்பவனிடத்தில் ஆசை மாலுவா என்னும் படர்கொடிபோல் வளர்கிறது என்றும், காட்டில் பழம் தேடித் தாவும் குரங்குபோல் அவன் பிறவிக்குப் பிறவி அலைகிறான் என்றும் வருகிறது. சற்றுத் தள்ளி, கொடி முளைத்து நிற்பதைக் கண்டால் அதன் வேரை அறிவினால் அறுத்துவிடுங்கள் என்ற அறிவுரையும் இருக்கிறது. கொடி, பிறவி, அறிவு ஆகிய மூன்றும் இவ்வளவு நெருக்கமாக ஓரிடத்தில் அமைந்திருக்கும்போது, அந்தப் பாடல்களை நாள்தோறும் ஓதிய பிக்குகளின் வாயிலில் அதே கொடியைக் காண்பதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

அன்னமும் அப்படித்தான். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமே நம் நினைவுக்கு முதலில் வரும். தம்மபதத்தின் அன்னமோ தான் வாழ்ந்த குளத்தை விட்டுப் பறந்து செல்லும் பறவை. வீட்டைத் துறந்து செல்பவர்களுக்கு அதுவே உவமை. தமிழில் மணிமேகலை சார்பிற்றோற்றத்தை, அதாவது ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் முறையைச் சொல்லும்போது வேட்கை, பற்று, பவம், தோற்றம் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதாகவே அடுக்குகிறது. பௌத்தத்துக்கு வெளியே போனாலும், “அவாவென்ப எல்லா உயிர்க்கும் எஞ்ஞான்றும் தவாஅப் பிறப்பீனும் வித்து” என்ற குறள் ஆசையை விதை என்றே சொல்கிறது. விதை முளைத்தால் கொடிதானே?

உளியன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்து அறிந்தவன் அல்லன். மூன்று தலைமுறையாகக் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். அனுராதபுரத்துக்கு இரண்டு முறை வந்து, அந்தக் கல்லின் எதிரே வெயிலில் அமர்ந்து கோட்டுரு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். தண்டலை ஐயா சொன்ன நூற்சான்றுகளை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் கொடியைச் செதுக்கும் கை எப்படி நினைக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

எங்கள் தொழிலில் இதைக் கொடிக்கருக்கு என்போம். முதலில் போடுவது இலை அல்ல, நெளிவு. அலைபோல் ஒரே கோடு ஓடும். அந்த நெளிவின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கிளை பிரிந்து, வந்த திசைக்கே திரும்பிச் சுருளும். அந்தச் சுருளுக்குள் இலையோ பூவோ பறவையோ அமையும். தண்டு முன்னோக்கிப் போக, கிளை பின்னோக்கிச் சுருளுவதால்தான் பார்க்கிறவர் கண் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொடியை வெட்டிவிட்டதுபோல் முடிக்காதே, முடிகிற இடத்திலும் ஒரு மொட்டு வை என்று என் தந்தையார் சொல்வார். வாடிய இலையைச் செதுக்கியவனை நான் பார்த்ததில்லை. வெறுக்கத்தக்கதை, அறுத்தெறிய வேண்டியதைச் செதுக்கும் கை இவ்வளவு ஆசையாகச் செதுக்குமா என்பதுதான் என் ஐயம்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அன்னங்களின் அலகைப் பாருங்கள். தளிரோ மொட்டோ ஒன்றைக் கவ்விக்கொண்டு நடக்கின்றன. கொடி ஆசை என்றால், ஆசையைக் கடந்த அன்னம் அதில் ஒரு துண்டை ஏன் வாயில் வைத்திருக்கிறது?

நீலோற்பலம்:

உளியன் அவர்களின் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல கேள்வி. என் பங்குக்கு விலங்குகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் கொடியின் பொருள் விலங்குகளின் பொருளைச் சார்ந்தே நிற்கிறது.

பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்று நான்கையும் நான்கு விலங்குகளுக்குப் பங்கிடும்போது, யானை பிறப்பு என்பதில் பெரும்பாலானோர் ஒத்துப்போகிறார்கள். எது மூப்பு, எது பிணி, எது சாக்காடு என்பதில் கைநூலுக்குக் கைநூல் மாறுகிறது. வளர்ச்சி, ஊக்கம், வலிமை, பொறுமை என்று முற்றிலும் வேறாகச் சொல்பவர்களும் உண்டு. ஒரு குறியீடு மக்களிடையே உண்மையில் வழக்கில் இருந்திருந்தால் இவ்வளவு தடுமாற்றம் இருக்காது. சிவன் கோயிலில் எருதைக் காட்டி இது யாருடைய ஊர்தி என்று கேட்டால், ஊருக்கு ஒரு விடை வருவதில்லை.

இந்த நான்கு விலங்குகளும் சேர்ந்து வருவது இலங்கையில் தொடங்கியதும் அன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அசோகரின் சாரநாத் தூணின் தலைப்பில், நான்கு சிங்கங்களின் காலடியில் உள்ள வட்டப்பலகையைச் சுற்றி யானை, எருது, குதிரை, சிங்கம் ஆகியவை சக்கரங்களுக்கு இடையே செல்கின்றன. பௌத்த நூல்களில் வரும் அனோதத்தம் என்ற இமயத்துப் பொய்கையிலிருந்து, இதே நான்கு விலங்குகளின் முகங்கொண்ட வாயில்கள் வழியாக நான்கு ஆறுகள் நான்கு திசைக்கும் பாய்கின்றன. அந்தப் பொய்கையை நினைத்துக்கொண்டு சந்திரவட்டக்கல்லைப் பார்த்தால் காட்சியே மாறிவிடுகிறது. நடுவில் தாமரை, அதைச் சுற்றி நீர்ப்பறவையான அன்னம், நீரில் தழைத்த கொடி, அதற்கும் அப்பால் திசைகளைக் காக்கும் விலங்குகள். அன்னத்துக்கு உள்ளே ஏன் மறுபடி கொடி என்ற மாணவியின் கேள்விக்கு இந்த வாசிப்பில் இடர்ப்பாடே இல்லை. பொய்கையில் பறவைக்கு இந்தப் பக்கமும் கொடி இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும்.

தண்டலை:

நீலோற்பலம் அம்மையாரின் பொய்கை அழகாக இருக்கிறது. ஆனால் தீ எங்கே போயிற்று? பொய்கையின் கரையில் தீ எரிவதில்லை.

நீலோற்பலம்:

அது தீதானா என்பதே கேள்வி. சுடர் என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் சுடராகத் தெரியும், தளிர் வரிசை என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் தளிராகத் தெரியும். என் கண்ணுக்கு அது தளிராகவே படுகிறது. ஆனால் இதை வைத்து வாதத்தை வெல்ல நான் முயலவில்லை.

பாலியாறு:

என் கேள்வி இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. அந்த வாயிலிலேயே இன்னொரு சான்று இருப்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அனுராதபுரத்துப் படிவாயில்களில் சந்திரவட்டக்கல் தனியாக நிற்பதில்லை. படிகளின் இருபுறமும் காவற்கற்கள் நிற்கின்றன. இவற்றின் வளர்ச்சியைப் பாடத்தில் சொல்லும்போது, முதலில் செதுக்கு இல்லாத வெறும் கல், பிறகு பூரணகும்பம், பிறகு குள்ளப் பூதம், கடைசியில் நாகராசன் என்று வரிசைப்படுத்துவோம். அபயகிரியைச் சேர்ந்த இரத்தினப் பிரசாதம் என்ற கட்டடத்தின் காவற்கல்லில் நாகராசன் ஒரு கையில் பூரணகும்பத்தையும் மறு கையில் பூத்த கிளையையும் ஏந்தி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கும்பத்தின் வாயிலிருந்தும் தளிரும் பூவும்தான் பொங்கி வழிகின்றன. அதைக் காட்டி மாணவர்களிடம் செழிப்பு, மங்கலம் என்று சொல்கிறேன். இரண்டடி தள்ளித் தரையில் இருக்கும் கொடியைக் காட்டி ஆசை, அறுக்க வேண்டியது என்று சொல்கிறேன். வாயில் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. பக்கத்தில் நின்றால் மங்கலமாகவும் கீழே கிடந்தால் கேடாகவும் ஒரே தளிர் எப்படி ஆகும்?

தண்டலை:

ஆகும் என்றே நினைக்கிறேன் ஐயா. தாங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஒன்று பக்கத்தில் நிற்கிறது, மற்றொன்று கீழே கிடக்கிறது. காவற்கல்லை யாரும் மிதிப்பதில்லை, சந்திரவட்டக்கல்லோ மிதிப்பதற்கென்றே இடப்பட்டது. வெளியிலிருந்து வரும் ஒருவர் விளிம்பில் கால் வைத்து, விலங்குகளைக் கடந்து, கொடியைக் கடந்து, தாமரையை ஒட்டி முதற்படியில் ஏறுகிறார். கடந்து செல்வது என்ற செயலே அந்தக் கல்லின் பொருளைத் தருகிறது. சொல்லும் அப்படித்தானே? ‘பற்று’ என்பது உலகப் பற்றாகவும் இருக்கலாம், இறைவன்மேல் வைத்த பற்றாகவும் இருக்கலாம். சொல் ஒன்றே, நிற்கும் இடம் வேறு.

இன்னொரு சான்றும் உண்டு. சிங்களக் கைவினைஞர்கள் இந்தக் கொடியை ‘லியவெல’ என்கிறார்கள். அந்தக் கலை மரபிலேயே நாரிலதா என்று ஒரு கொடி இருக்கிறது. அதில் பூப்பது பூவன்று, பெண்ணுருவம். இமயத்தில் தவம் செய்வோரை மயக்கும் கொடி என்று அதற்குக் கதை சொல்கிறார்கள். கொடிக்கும் மயக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று இனி எப்படிச் சொல்வீர்கள்?

உளியன்:

நாரிலதாவை நான் ஓவியத்தில் பார்த்திருக்கிறேன். ஐயா சொல்வது சரிதான். ஆனால் அங்கே மயக்கத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர், கொடியின் நடுவில் ஒரு பெண்ணைப் பூக்க வைத்தார். கொடி மட்டுமே மயக்கத்தைச் சொல்லப் போதுமானதாக இருந்திருந்தால் பெண்ணுக்கு வேலையே இல்லை.

இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்திலும் வாயில் நிலையின் மேல் வரும் தாமரை வேறு, காலடியில் வரும் தாமரை வேறு.

வழிப்போக்கன்:

இந்தக் கல் பாதி வட்டமாக மட்டும் இருப்பதற்குக் காரணம், மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாத மறு உலகம் என்பதுதான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பிறவிச் சக்கரத்தின் பாதியை நாம் காண்கிறோம், பாதியை இறந்த பின்பு காண்போமாம். இதை யாரும் சொல்லவில்லையே?

நீலோற்பலம்:

சொல்லாததற்குக் காரணம் எளியது நண்பரே. படியின் அடியில் இடும் கல்லின் ஒரு பக்கம் படியோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும், அதனால் அது நேராக இருக்கிறது. செதுக்கே இல்லாத வெறும் அரைவட்டக் கற்களும் அனுராதபுரத்தில் நிறைய உண்டு. ஆந்திரத்து நாகார்ச்சுனகொண்டாவிலும் இப்படிப்பட்ட அரைவட்டப் படிக்கற்கள் கிடைத்திருக்கின்றன. வடிவம் முதலில் வந்தது, உருவங்கள் பிறகு அதில் வந்து குடியேறின. கட்டடத்தின் தேவையால் வந்த எல்லாவற்றுக்கும் தத்துவம் தேடினால், காணொளிகளுக்குத்தான் வேலை மிச்சம்.

பொருள் காலத்தோடு மாறியது என்பதற்கு மட்டும் ஒரு திடமான சான்றைச் சொல்கிறேன். அனுராதபுரத்துக் கற்களில் ஓடிய எருது, அதற்குப் பின் தலைநகரான பொலன்னறுவைக் காலத்துக் கற்களில் இல்லை. அங்குள்ள வட்டதாகை என்ற வட்டக் கட்டடத்தின் வாயிலில் யானையும் குதிரையும் தனித்தனி வரிசைகளாகப் பிரிந்துவிட்டன. இடையில் நடந்தது நமக்குத் தெரியும். 993இல் சோழர்கள் அனுராதபுரத்தைக் கைப்பற்றினார்கள். பொலன்னறுவை சனநாதமங்கலம் என்று பெயர் மாறி, 1070இல் முதலாம் விசயபாகு மீட்கும்வரை அவர்கள் கையில் இருந்தது. அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சோழர் காலச் சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. நந்தியை வணங்கும் மக்கள் நடமாடிய ஊரில் எருதின்மேல் கால் வைப்பது தகாது என்று கருதியே அதை நீக்கினார்கள் என்பது அறிஞர்கள் பலர் தரும் விளக்கம்.

இந்த விளக்கம் சரியென்றால் ஒன்றைக் கவனியுங்கள். எருது மூப்பையோ சாவையோ குறிக்கும் அடையாளம் மட்டுமே என்று மக்கள் மனத்தில் பதிந்திருந்தால், அதை மிதிப்பதில் யாருக்கும் கூச்சம் வந்திருக்காது. அவர்கள் பார்த்தது எருதை, அதன் பின்னாலிருந்த தத்துவத்தை அன்று.

தண்டலை:

அல்லது, பிக்குகள் தத்துவத்தைப் பார்த்தார்கள், ஊர் மக்கள் எருதைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே வாயிலில் நடந்திருக்கலாம். பரணவிதானவின் வாசிப்பு பிழை என்று இன்னமும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது அந்தக் கல்லின் ஒரே வாசிப்பு என்று பாடநூல்கள் ஆக்கியதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கண்டிக் காலத்துக் கற்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவற்றில் அரைவட்டமே குவிந்து ஏறக்குறைய முக்கோணமாகி, விலங்குகளும் அன்னங்களும் நீங்கிப் போய்விட்டன. எஞ்சியவை தாமரையும் கொடியும் மட்டுமே. இது எந்தப் பக்கத்து வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று எனக்கே தெளிவாகவில்லை.

உளியன்:

என் பக்கத்துக்கு என்று சொல்லிவிட ஆசைதான், ஆனால் அடக்கிக்கொள்கிறேன்.

மறுபிறப்பையும் கொடியையும் ஐயத்துக்கு இடமின்றிச் சேர்த்து வைத்த கல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பார்குத் என்ற இடத்தில் 1873இல் தொல்லியலாளர் கன்னிங்காம் கண்டெடுத்த தூபியின் வேலி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வேலியின் மேல் கிடக்கும் நீண்ட முகட்டுக்கல் முழுவதும் ஒரே கொடி நெளிந்து ஓடுகிறது. நான் முன்பு சொன்ன அதே நெளிவுதான், எங்கள் முன்னோர் எல்லோருக்கும் முந்திய கை போட்ட நெளிவு. அதன் வளைவுகளுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு வளைவில் பலாப்பழமோ மாங்கனியோ, இன்னொரு வளைவில் காதணியோ ஆரமோ, மற்றொரு வளைவில் ஒரு சாதகக் கதை. புத்தர் முற்பிறவிகளில் மானாகவும் யானையாகவும் குரங்காகவும் மனிதனாகவும் பிறந்து வாழ்ந்த கதைகள் எல்லாம் சாதகங்கள் அல்லவா? அவற்றை அந்தச் சிற்பி தனித்தனிச் சட்டங்களில் வைக்கவில்லை. ஒரே கொடியின் வளைவுக்கு ஒன்றாக வைத்தான்.

நான் அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ஆய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கொடி பிறவிகளை ஒன்றோடொன்று கட்டுகிறது, ஆனால் அது சிறைக் கயிறாகத் தெரியவில்லை. அந்தப் பிறவிகள் ஒவ்வொன்றிலும் அவர் எதையோ கொடுத்தார், எதையோ பொறுத்தார். அவையும் கனிகள்போல் அதே தண்டில் காய்த்திருக்கின்றன.

பாலியாறு:

இந்தப் பதிவை அப்படியே அச்சிட்டு வகுப்பில் வாசிக்கப் போகிறேன், உளியன் அவர்கள் அனுமதி தர வேண்டும். தண்டலை அவர்களின் தம்மபதப் பாடலையும் பக்கத்திலேயே ஒட்டுவேன். பரீட்சையில் மட்டும் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்கு என்னை மன்னியுங்கள்.

அந்த மாணவிக்கு இப்போதைக்கு நான் சொன்ன விடை, “பிள்ளை, தெரியாது, கேட்டிருக்கிறேன்” என்பதுதான். அடுத்த மாதம் மறுபடி அனுராதபுரம் போகிறேன். எதைப் பார்த்து வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

உளியன்:

தாராளமாக வாசியுங்கள் ஐயா. போகும்போது காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள், உச்சி வெயிலில் செதுக்கின் ஆழம் தெரியாது. வெளிக்கொடியின் இலையையும் உள்கொடியின் இலையையும் பக்கத்துப் பக்கமாகப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே செடியின் இலையா, வேறு வேறா என்று பார்க்க வேண்டும். பிறகு, விலங்குகள் ஓடும் திசையிலேயே கொடியும் ஓடுகிறதா, எதிர்த்திசையில் ஓடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் கோட்டுருவில் அந்த மூலை மழையில் நனைந்து அழிந்துவிட்டது.